புள்ளி இல்லாத அப்பா

அப்பாவின் புள்ளி தொலைந்தபோது இரவு பதினொன்றரை இருக்கும். மேசைக்கு அடியில் மண்டியிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் தரையைத் தடவிக்கொண்டிருந்தேன். மிளகைவிடச் சிறிய மரப் புள்ளி. அது கிடைக்காவிட்டால் ‘அப்பா’ என்பது ‘அபபா’ ஆகிவிடும்.

“என்னா பிள்ள தேடுற?”

தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் எனக்குப் பின்னால் நின்றார். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்காக மூன்று வாரமாக ஒளித்து ஒளித்துச் செய்த ஆல்பம் மேசையில் அப்பட்டமாக விரிந்து கிடந்தது.

ஸ்க்ராப்புக் பைத்தியம் எனக்கு 2020இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டபோது பிடித்தது. 12 அங்குலச் சதுரப் பக்கம். அதில் படத்தை ஒட்டி, சுற்றிலும் நிறத்தாள், ரிப்பன், பழைய பஸ் டிக்கெட் என்று கையில் கிடைப்பதையெல்லாம் சேர்ப்பது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது மர வெனீர் துண்டுகள். பெரும்பாலும் பிர்ச் மரம், ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. லேசரில் வெட்டுவதால் ஓரம் தேன் நிறத்தில் கருகியிருக்கும், பொட்டலத்தைப் பிரித்தால் விறகடுப்பு வாசம் வரும். நீர்வண்ணம் பூசலாம், முத்திரை மை தேய்க்கலாம். எதைப் பூசினாலும் மரத்தின் ரேகை அடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். காசு போனாலும் பரவாயில்லை என்று வாங்குவது அதற்காகத்தான்.

ஆனால் கடையில் கிடைக்கும் உருவங்கள் இருக்கின்றனவே! பனிப்பூ, கொம்பு மான், பைன் மரம், ஆங்கிலத்தில் ‘ஹலோ’. அப்பா பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் மானைப் பார்த்தது மிருகக்காட்சி சாலையில், அதுவும் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு. ஒரு பைன் மரத்தின் கீழ்க் கிளைகளைக் கத்தரித்து, பச்சை பூசி, பால்மரம் என்று சொல்லிக்கொண்டேன். பக்கம் முழுக்க கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. பிடுங்கிப் போட்டேன்.

அப்புறம்தான் தமிழ் எழுத்து வெட்டித் தரச் சொல்லி ஒரு லேசர் கடையில் கொடுத்தேன். நம் எழுத்தை மரத்தில் வெட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. புள்ளி எழுத்தோடு ஒட்டாது, தனியாக உதிர்ந்து வரும். ‘அ’வின் சுழிக்குள் இருப்பது பொட்டு மாதிரி விழுந்துவிடும். ‘தோட்டம்’ என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு புள்ளி. அதன் கொம்பை நான் இரண்டு முறை உடைத்தேன்.

அப்பா அந்த உடைந்த கொம்பைத்தான் கையில் எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், விரலால் தடவினார்.

“வெனீர்தான இது?”

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. ‘வெனீர்’ என்பதைக் கைவினைக் கடையில் நான் கற்றுக்கொண்ட வார்த்தை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா 22 வருடம் வேலை செய்தது ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையில். வீட்டில் அதற்குப் பெயர் ‘பலகை கம்பெனி’, பள்ளிப் படிவத்தில் ‘பெகர்ஜா கிலாங்’. அங்கே அவர் என்ன செய்தார் என்று நான் கேட்டதே இல்லை. சட்டையில் வரும் பசை நெடி கண்ணை எரிக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அம்மா அந்தச் சட்டைகளைத் தனியாகத் துவைப்பார்.

“குறுக்க வெட்டியிருக்கான். ரேகை நீளவாக்குல போனா ஒடியாது. ஒத்தை வெனீர் இப்படித்தான். அதுக்குத்தான் ஒன்னு நீளமா, ஒன்னு குறுக்க வச்சு ஒட்டுறது. மூனு, அஞ்சு, ஏழு. எப்பவும் ஒத்தப்படைதான்.”

உட்கார்ந்துவிட்டார். மெராந்தி கட்டையை இரண்டு பக்கமும் பிடித்து இயந்திரம் சுழற்றுமாம். நீளமான கத்தி ஒன்று அதன்மேல் அழுந்தும். “பாய் விரிக்கிற மாதிரி வரும் பாரு, நிக்காம வரும். ஒரு கட்டையில இருந்து அவ்ளோ நீளம் வரும்னு நீ நம்ப மாட்ட. கடைசியில நடுக்கட்டை மட்டும் மிஞ்சும்.” கையை அகல விரித்துக் காட்டினார். சாப்பாட்டுக்குத் தவிர அதிகம் வாய் திறக்காத மனுஷன்!

பிறகு ஒரு துண்டை மெதுவாக வளைத்துக் காட்டினார். கத்தி பட்ட பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும், அது தளர்ந்த பக்கம். மறுபக்கம் இறுக்கம். தளர்ந்த பக்கம் வெளியே வருகிற மாதிரி வளைத்தால் சுலபமாக வளையும், திருப்பி வளைத்தால் முரண்டு பிடிக்கும். “தளர்ந்த பக்கத்துல பசை போடு. இறுக்கமானது வெளிய தெரியணும்.” ஆறு வருடமாக ஒட்டுகிறேன். பார்த்த காணொளிகளில் இதை யாரும் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது ஒன்று உண்டு: மரத்தில் உள்ள அமிலம் படத்தை மஞ்சளாக்கும், நடுவே அமிலமில்லாத தாளை வை என்று. அதை அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“இது எவ்ளோ?”

“ஒரு பாக்கெட் பன்னெண்டு வெள்ளி தொண்ணூறு.”

சிரித்தார். “கிழிஞ்சது, உடைஞ்சது எல்லாம் பாய்லர்ல போட்டு எரிப்போம்.”

பக்கங்களைப் புரட்டினார். லயத்து வீட்டு வாசலில் பாட்டி, கல்யாணப் படம், தொட்டிலில் நான். அடுத்து ஒரு வெற்றுப் பக்கம்.

“இது ஏன் காலியா இருக்கு?”

“கம்பெனி வருஷம்ப்பா. ஒரு படம்கூட இல்ல.”

அங்கே ஒட்டலாம் என்று வைத்திருந்த பல்சக்கரத் துண்டைக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் ஒழுகி ஊறிப்போன பழைய அலமாரி ஒன்று அங்கே இருக்கிறது. அதன் அடிப்பலகை அடுக்கு அடுக்காகப் பிரிந்து, தூக்கிப் போடச் சொல்லி அம்மா வருடக் கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார். மேல் அடுக்கிலிருந்து ஒரு நீளத் துண்டை உரித்துக்கொண்டு வந்தார். என் கத்தியால் நான்கு ஓரத்தையும் சீவினார். சிவந்த, கறை படிந்த செவ்வகம். என் வெளுத்த பிர்ச் துண்டுகளுக்குப் பக்கத்தில் அது வேறு ஊர்க்காரர் மாதிரி இருந்தது.

“இதையே ஒட்டு.”

“மேல ஏதாச்சும் எழுதவாப்பா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். பென்சிலை வாங்கி மூலையில் 417 என்று எழுதினார். பஞ்ச் கார்டு நம்பராம்.

புள்ளி கடைசிவரை கிடைக்கவில்லை. எழுத்துகள் வந்த பையைக் கவிழ்த்து, தூசியைக் கிளறி, ‘அ’வின் சுழியிலிருந்து விழுந்த பொட்டை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். முட்டை வடிவம், ஓரம் கருகியது. ‘ப’வின் தலையில் வைத்தேன். கொஞ்சம் கோணல்தான்.

இத்தனை மரம் சேர்ந்ததில் ஆல்பம் மூட மறுத்தது. அப்பா அதைத் தரையில் சுவரோரமாக வைத்து, மேலே ஒரு பலகை, அதன்மேல் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார்.

“பசை காயட்டும். காலையில நான் சொல்ற வரைக்கும் தொடாத.”