கழுத்தினுள் ஒரு காற்றுப்பை

செயற்கைச் சுவாசப் பொறியைக் கண்டவர்கள் அதன் திரையையும் ஓசையையும் பற்றியே பேசுவர். நோயாளியின் வாதனாளிக்குள் இறங்கும் குழாயின் நுனியருகே, அதனைச் சுற்றி ஒரு சிறு காற்றுப்பை உண்டென்பதை அறிந்தோர் சிலரே. என் தமையனார் ஒன்பது நாட்கள் அப்பொறியின் துணையால் உயிர் தாங்கிக் கிடந்தபோதுதான் நானும் அதனை அறிந்தேன்.

பொறி செலுத்தும் காற்று மேலே கசிந்துவிடாமற் காப்பதும், வாயில் ஊறும் நீர் சுவாசப்பைக்குள் இறங்காமல் மறிப்பதும் அப்பையின் வேலை. அதன் அமுக்கம் குறைந்தால், கிருமி கலந்த நீர் கசிந்து நியூமோனியாவுக்கு வழி திறக்கும். மிகுந்தாலோ, வாதனாளியின் உட்சுவரிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கும். நாட்பட்டால் அவ்விடம் புண்ணாகி, ஆறும்போது சுருங்கி, மூச்சு வழியே ஒடுங்கிவிடக்கூடும். ஆகவே 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீர் நிரலுக்குள் அதனை வைத்திருப்பர். மாணவர்கள் தம் அடிமட்டத்தை நிமிர்த்தி நிறுத்திப் பார்க்கட்டும். அவ்வளவு உயர நீர் தரும் அமுக்கமே மேல் எல்லை. அண்ணருடைய உயிர் இந்தப் பத்துச் சென்ரிமீற்றருக்குள் தங்கியிருந்ததென்பது எனக்கு அச்சந் தந்தது.

1920களில் ஆதர் கெடல் என்னும் அமெரிக்க வைத்தியர், தமது நாய்க்கு மயக்கமருந்தளித்து, இத்தகைய பையுள்ள குழாயைச் செருகி, அதனை நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் காட்டினார். நாய் பின்னர் விழித்தெழுந்து உடலை உதறிக்கொண்டதாம்! நீரை மறிப்பது அன்றே கைவந்துவிட்டது; வாதனாளியை நோகாமல் மறிக்கும் மெல்லிய, அகன்ற பைகள் வழக்குக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன.

அங்கிருந்த தாதி வயதில் என் மகளை ஒத்தவர். வெளியே தொங்கும் சிறு குமிழை விரலால் அமுக்கிப் பார்த்தாற் போதாதா என்று அவரிடம் கேட்டேன்.

“விரல் பொய் சொல்லும், ஐயா” என்றார்.

மெய்தான், அனுபவம் மிக்கோரின் விரலும் தவறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அமுக்கமானியை இணைக்கும்போதே சிறிது காற்று வெளியேறுமாதலால், அளந்தபின் மீண்டும் சரிசெய்தல் வேண்டும். நோயாளியைப் புரட்டினாலும், கழுத்துத் திரும்பினாலும் அளவு மாறும். ஒரு மாலை, அண்ணரைப் புரட்டிக் கிடத்தியதும் அவர் தொண்டையிற் களகளவென ஓர் ஒலி எழுந்தது. தாதி அமுக்கமானியை இணைத்தார். முள் 14இல் நின்றது. காற்றேற்றி 25க்குக் கொண்டுவந்தார். ஒலி அடங்கிற்று. எண்ணை அட்டவணையிற் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பத்தாம் நாள் குழாயை எடுத்தபோது, கரகரத்த குரலில் அண்ணர் முதலிற் கேட்டது தேநீர். அன்றைக்கு அது கிடைக்கவில்லை.