‘‘போன தடவை போட்ட கேஸ் எங்க போச்சு?’’

கத்திரி வெயிலில் கார் ஏசி மக்கர் செய்தால், பலர் வாயில் வரும் முதல் வார்த்தை, ‘கேஸ் தீர்ந்திருக்கும்’ என்பதுதான். காரின் சொந்தக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் பையன்கூடச் சொல்வான். சமையல் சிலிண்டர் போல, ஓட ஓட இதுவும் காலியாகும் என்ற நினைப்பு.

சென்னையில் கால் டாக்ஸி ஓட்டும் இளைஞர் ஒருவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். தவணையில் வாங்கிய கார். மாதம் பிறந்தால் 5-ம் தேதி தவணை கட்டியாக வேண்டும். மார்ச் மாதம் ஏசியில் குளிர்ச்சி குறைந்தது. வழியில் இருந்த கடையில் 1,500 ரூபாய்க்கு கேஸ் போட்டார்கள். கார் ஜில்லென்று ஆனது. ஐந்து வாரம் ஓடியது. ஏப்ரல் கடைசியில் மறுபடியும் வெறும் காற்று. வேறு கடை, 1,800 ரூபாய். இந்த முறை மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

பணம் போனதைவிட, வண்டியில் ஏறியவர்கள் பேசியதுதான் அவரை அதிகம் வாட்டியது. ‘‘ஏசி போடாம டீசல் மிச்சம் பிடிக்கிறீங்களா?’’ என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். சிலர் எதுவும் கேட்காமல் இறங்கிப்போய், ஒற்றை ஸ்டார் கொடுத்தார்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் வயதான அம்மா ஒருவரை, வாரத்துக்கு இரண்டு நாள் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வருவது அவருக்கு வாடிக்கை. திரும்பி வரும்போது அந்த அம்மா துவண்டுபோய், கண்ணை மூடியபடி சாய்ந்திருப்பார். மே மாதத்தில் ஒருநாள், அவருடைய மகள் தயங்கித் தயங்கிச் சொன்னார். ‘‘தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. அம்மாவால வெக்கை தாங்க முடியலை. ஏசி சரியாகுற வரைக்கும் வேற வண்டி பார்த்துக்கிறோம்.’’

அன்று மதியமே, புதுப்பேட்டை பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போய் நின்றார் இளைஞர். ‘‘பாய், கேஸ் போடணும்.’’

‘‘கேஸை நான் போட்டுடுவேன். போன தடவை போட்ட கேஸ் எங்க போச்சு?’’

‘‘தீர்ந்துடுச்சு பாய்.’’

‘‘தீர்றதுக்கு அது என்ன டீசலா தம்பி?’’

மூடிய வட்டம்

பாய் கேட்டது நியாயமான கேள்வி. கார் ஏசியில் இருக்கும் கேஸ் எரிவதில்லை. அது ஒரு மூடிய வட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்ஸரில், வெளிக்காற்று பட்டு அது சூடு தணிந்து திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று குறைந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எவாப்பரேட்டரில் கொதித்து ஆவியாகும். அப்போது காருக்குள் இருக்கும் சூட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மறுபடியும் கம்ப்ரஸருக்கு வரும்.

ரப்பர் குழாய்கள், சீல்கள் வழியே வருடக்கணக்கில் மிகக் கொஞ்சமாகக் குறையலாம். ஆனால், சில வாரங்களிலேயே காலியாகிறது என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது, பஞ்சரான டயருக்குக் காற்றடிப்பது மாதிரி.

ஸ்பானரைத் தொடும் முன் நான்கு கேள்விகள்

பாய் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்க ஆரம்பித்தார்.

‘‘சிக்னல்ல நிக்கும்போது மட்டும் சூடா வருதா, ஓடும்போதும் வருதா?’’ ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சூடாகிறது என்றால், முதல் சந்தேகம் கண்டன்ஸர் ஃபேன் மேல்தான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டன்ஸரைக் குளிர்விக்கும். நின்றுவிட்டால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். கண்டன்ஸரில் தூசியும் பூச்சியும் அப்பியிருந்தாலும் இதே நிலைதான்.

‘‘காத்து பலமா வருதா?’’ குளிர்ச்சி இருந்தும் காற்று பலமில்லை என்றால், பெரும்பாலும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். நம் ஊரில் எலி கூடு கட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இதற்குப் போய் கேஸ் போட்டுப் பயனில்லை.

‘‘முதல்ல நல்லா குளிர்ந்துட்டு, அரை மணி நேரம் கழிச்சு காத்தே குறையுதா?’’ எவாப்பரேட்டர் மேல் ஐஸ் கட்டி, காற்று வரும் வழியை அடைக்கிறது என்பதற்கான அடையாளம் இது. ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஐஸ் கரைந்து காற்று திரும்ப வரும். ஆனால், ஐஸ் கட்டிய காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

‘‘ஏசி பட்டனை அமுக்கினா, முன்னாடி ‘டக்’னு சத்தம் கேக்குதா?’’ பல கார்களில், கம்ப்ரஸரின் கிளட்ச் போய் ஒட்டிக்கொள்ளும் சத்தம் அது. கம்பெனியிலேயே ஏசி பொருத்தி வந்த முதல் கார்களான 1940-ம் வருட மாடல் பேக்கார்டில் இந்த கிளட்ச் கிடையாது. ஏசியை நிறுத்த வேண்டுமென்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

இளைஞரின் காரில் காற்று பலமாக வந்தது. நின்றாலும் ஓடினாலும் சூடுதான். ‘டக்’ சத்தம் கேட்டது. ஆனால், நொடிக்கு நொடி ஒட்டுவதும் விடுவதுமாக இருந்தது. கேஸ் குறைந்து அழுத்தம் போதாமல் இருக்கும்போது, கம்ப்ரஸரைக் காப்பாற்ற ஒரு ஸ்விட்ச் அதை நிறுத்தும். அதனால்தான் இந்தத் தடுமாற்றம். கேஸ் குறைந்திருப்பது உண்மை. எங்கே போனது என்பதுதான் மிச்சம்.

கறை காட்டிக்கொடுத்தது

பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்டன்ஸரில் குழாய் வந்து சேரும் இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கறுப்புத் திட்டு. கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸருக்கான எண்ணெயும் குழாய்களுக்குள் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும், அதில் தூசி ஒட்டும்.

மிச்சமிருந்த கேஸை மெஷினில் இழுத்துக்கொண்டு, நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரையைத் தடவினார். அந்த இணைப்பில் குமிழி குமிழியாக வந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து, வெடித்திருந்தது. ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி காசுகூட ஆகாத பொருள்!

வளையத்தை மாற்றியதும் வேலை முடியவில்லை. அரை மணி நேரம் வேக்குவம் போட்டு, உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். ஈரம் தங்கினால், அது வால்வில் உறைந்து வழியை அடைக்கும், உள் பாகங்களையும் அரிக்கும். மீட்டர் முள் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகு, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள அளவைப் படித்து, எண்ணெயைச் சரிசெய்து, எடை பார்த்து கேஸ் ஏற்றினார். மொத்தம் 2,400 ரூபாய்.

‘‘இன்னும் ரெண்டு தடவை இப்படியே ஓட்டியிருந்தா, எண்ணெய் பத்தாம கம்ப்ரஸர் சிக்கியிருக்கும் தம்பி. அது பெரிய செலவு’’ என்றார் பாய்.

அன்று மாலையே இளைஞர் அந்த அம்மாவின் மகளுக்கு போன் செய்தார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். ஆகஸ்ட் பிறந்த பிறகும் அவர் மறுபடி கேஸ் போடவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஏசி குளிரவில்லை என்றால், முதலில் வெப்பநிலை நாப் சூடு பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கை பட்டாலே போதும். பிறகு கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

* வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி அனலை வெளியேற்றுங்கள். அதன் பிறகு உள்காற்றே சுற்றும்படி பட்டனை மாற்றுங்கள்.

* காருக்கு அடியில் சுத்தமான தண்ணீர் சொட்டினால் பயம் வேண்டாம், அது காற்றிலிருந்து பிரிந்த ஈரம். கால் மிதியடி நனைந்தால், அந்தத் தண்ணீர்க்குழாய் அடைத்திருக்கலாம். தித்திப்பான வாடையோடு கண்ணாடியில் பிசுக்கான பனி படிந்தால், கூலன்ட் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

* கேஸ் குழாய்களை நீங்களே திறக்காதீர்கள். பீறிடும் கேஸ் தோலை உறையவைத்துப் புண்ணாக்கும். எலெக்ட்ரிக் கார்களில் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால், அங்கே கையே வைக்கக் கூடாது.

* அளவுக்கு மேல் கேஸ் ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும். பல சிறிய கார்களுக்கு அரைக் கிலோகூடத் தேவைப்படாது.

* பரவலாகப் பயன்படும் ஆர்-134ஏ கேஸ், புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு வலிமை கொண்டது. கசியவிட்டுக் கசியவிட்டு நிரப்பினால் நஷ்டம் நம் பர்ஸுக்கு மட்டுமல்ல.

‘கேஸ் போட்டாப் போதும் சார்’ என்று யாராவது சொன்னால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எங்கே கசியுது? வேக்குவம் போடுவீங்களா? எத்தனை கிராம் ஏத்துவீங்க? மூன்றுக்கும் பதில் சொல்பவரிடம் சாவியைக் கொடுங்கள்.