உப்புத்தாளும் எக்ஸ்ரே ஃபிலிமும்

என் நண்பர் ஒருவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று கூடைப்பந்து, இன்னொன்று ரெக்கார்டு. இரண்டும் ஒரே மைதானத்தில் பிடித்தவை. பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர். அப்போது ஆட்டம் இருபது நிமிடப் பாதிகள் இரண்டு. பத்து நிமிடக் கால் ஆட்டங்கள் நான்காக அது மாறியது 2000இல்தான். இடைவேளையில் மைக் செட்டுக்காரர் ஒரு இ.பி. ரெக்கார்டின் முதல் பக்கத்தை முழுதாகவும் மறுபக்கத்தில் பாதியையும் ஓட்டுவாராம். பாட்டு நடுவில் அறுந்தால் ஆட்டம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். “இன்னைக்கும் சில பாட்டை முழுசாக் கேட்டா எனக்குத் திருப்தி இல்லை. நடுவுல விசில் ஊதணும்” என்பார்.

அவருடன் ஆடிய பழைய கூட்டத்துக்கே இப்போது இதே வியாதி. முழங்கால் தேய்ந்து ஆட முடியாமல் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டில் கூடி, சோனோடைன், காஸ்மிக் என்று பழைய ஆம்ப்ளிபயர்களைத் துடைத்துவைத்து, பாட்டும் பழைய ஆட்டங்களின் ஸ்கோரும் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை நண்பர் வைத்திருக்கும் காரார்டு எஸ்.பி. 25 ரெக்கார்டு பிளேயர். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்துத் தயாரிப்பு. அது திடீரென்று ஒவ்வொரு சுற்றிலும் ‘தட், தட்’ என்று இடிக்க ஆரம்பித்தது. சென்னையில் காட்டிய இடங்களில் தூக்கிப் போடச் சொன்னார்கள். திருவண்ணாமலையில் மைக் செட்டுகளுக்கு வேலை பார்க்கும் ஒரு பெரியவரைப் பற்றி யாரோ சொல்ல, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பௌர்ணமியைத் தவிர்த்து வரச் சொல்லியிருந்தார் பெரியவர். தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவைத்த கடை. பெயர்ப்பலகை இல்லை. ‘ரேடியோக்காரர்’ என்று கேட்டால் காட்டுகிறார்கள். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பேர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

இந்த ஊரில் இப்படி ஒருவர் இருப்பது ஆச்சரியம் இல்லை. கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் திருவிழா, மாதம் தவறாமல் பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம், ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுதல். சுற்றிலும் செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் கிராமங்களில் கல்யாணம், காதுகுத்து, கபடிப் போட்டி. குழந்தை தொலைந்தால் அறிவிக்கவும் மைக் வேண்டும்.

காரார்டைக் கவிழ்த்ததும் பார்த்துவிட்டார். மோட்டார் தண்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கிறது. தட்டைச் சுழற்றுவது அதுதான். ஓடாதபோது அதைத் தண்டில் அழுத்தியபடியே விட்டுவிட்டால் ரப்பரில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் இடிக்கிறது. “ஓட்டாம அழகு பாக்க வெச்சிருந்தீங்களா சார்?” என்று நண்பரைக் கேட்டார். நண்பர் பதில் சொல்லவில்லை. பெரியவர் மோட்டாரை ஓடவிட்டு, நாலாய் மடித்த உப்புத்தாளைச் சக்கரத்தின் விளிம்பில் தொட்டும் தொடாமலும் பிடித்தார். கறுப்பு மாவு உதிர்ந்தது. நிறுத்தி விரலால் தடவிப் பார்த்து, மறுபடி ஓடவிட்டார்.

பிறகு தட்டின்மேல் கோடுகள் போட்ட ஓர் அட்டையை வைத்து டியூப்லைட்டுக்கு நேராகச் சுழலவிட்டார். நம் மின்சாரம் ஐம்பது சைக்கிள். டியூப்லைட் நொடிக்கு நூறு முறை துடிக்கும். முப்பத்து மூன்றேகால் சொச்சம் வேகத்தில் சுற்றும் தட்டில் 180 கோடு இருந்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். நின்றன. “ஜெனரேட்டர்ல ஓட்டினா இந்த வேகம் நிக்காது. பாகவதரே அரைக் கட்டை ஏறிடுவாரு” என்றார்.

லைன் டிரான்ஸ்பார்மரைப் பற்றியும் நிறையச் சொன்னார். அந்தக் கணக்கு எனக்கு ஏறவில்லை. வோல்டேஜைக் கூட்டி அனுப்பினால் மெல்லிய ஒயரிலும் கடைசி ஒலிபெருக்கிக் குழாய்வரை சத்தம் தேயாமல் போகும் என்பது மட்டும் புரிந்தது.

பழைய பிளேயர்களின் பிக்கப்புக்குள் இருக்கும் கிரிஸ்டல் ஒரு வகை உப்பு. ரோஷெல் உப்பு என்பார்கள். முள்ளின் அதிர்வை மின்சாரமாக்கித் தருவது அதுதான். ஈரம் பட்டாலும் கெடும், சூடு ஏறினாலும் கெடும். தீபத்தன்று மழை, சித்திரையில் இந்த ஊர் மலைச்சூடு. அந்தக் காலத்தில் பிக்கப்பைக் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்துவைத்திருக்கிறார். வீட்டில் சோறு வடிக்க அரிசி எடுக்கும்போது பிக்கப்பும் படியோடு வந்துவிட்டதாக ஒரு கதை சொன்னார். நம்பலாம்.

ஆனால் அவருடைய உண்மையான வேலை ரெக்கார்டு பிளேயர் இல்லை. அது எங்களைப் போல எப்போதாவது வருகிறவர்களுக்கு. அவரிடம் வரிசையாக வருவது யூனிட். மரத்தில் கட்டும் குழாயின் பின்பக்கம் திருகியிருக்கும் கனத்த உருண்டை அது. குழாய் வெறும் தகரம், பாடுவது யூனிட்தான். டெல்லியில் 1940இல் தொடங்கிய அகுஜா கம்பெனியின் யூனிட்டுகள்தான் பெரும்பாலும். சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் உள்ளே இருக்கும் காயில் கருகிவிடும்.

கருகியதை எடுத்துவிட்டுப் புதுச் சுற்றுச் சுற்றுகிறார். கையால் சுற்றும் சிறிய எந்திரம், எனாமல் பூசிய செப்புக் கம்பி. அதற்குப் பிறகுதான் நான் போய்ப் பார்த்ததற்குப் பலன் கிடைத்த இடம். காயில் போய் உட்கார வேண்டிய காந்த இடுக்கு, நகக்கண் அளவுகூட இல்லாத வட்டப் பள்ளம். அதில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் காயில் உரசிக் கரகரக்கும். ஊதினால் போகாது, காந்தம் விடாது. ஒட்டும் டேப்பைச் சிறு துண்டாக வெட்டி, பள்ளத்துக்குள் நுழைத்து, சுற்றி வழித்து எடுத்தார். டேப் கறுத்து வந்தது. மறுபடி ஒரு துண்டு. அது வெள்ளையாக வரும்வரை விடவில்லை.

அடுத்து, மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்தார். யாருடைய நெஞ்செலும்போ தெரிந்தது. அதிலிருந்து நான்கு பட்டை வெட்டி, காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவில் நான்கு திசையிலும் செருகினார். காயில் எந்தப் பக்கமும் சாயாமல் நட்டநடுவில் நிற்க இந்தப் பட்டைகள். டயாப்ரத்தைப் பசையிட்டு ஒட்டி, காய்ந்ததும் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். வேறு பிளாஸ்டிக் தாள் கூடாதா என்றேன். மடங்கும், இல்லை கனமாக இருக்கும், எக்ஸ்ரேதான் அளவு. இப்போது ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர் படம் வந்துவிட்டதால் பழைய ஃபிலிம் கிடைப்பதில்லை. காயலான் கடையில் சொல்லிவைத்திருக்கிறாராம். தொழில் அழிவதை எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறேன். நெஞ்சுப் படம் கிடைக்காமல் ஒரு தொழில் முடங்கும் என்று நினைத்ததில்லை.

யூனிட்டை ஆம்ப்ளிபயரில் மாட்டிப் பாட்டைப் போட்டவர், காதைக் கொடுக்கவில்லை. யூனிட்டின் வாயில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலதும் பாதிதான். நாங்கள் கத்திப் பேசிக்கொண்டிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவருக்குச் சொந்த ஊர் செங்கம் பக்கத்துக் கிராமம். மரம் ஏறத் தெரிந்த பையன் என்பதால் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் கூட்டிக்கொண்டு வந்தார். வேப்பமரத்திலும் பனைமரத்திலும் குழாய் கட்டுவது வேலை. சம்பளம் கல்யாணச் சாப்பாடு. “அறுபத்தேழு எலெக்‌ஷன்ல ஹனிபா பாட்டு போட்டுப் போட்டு பிளேட்டு வெள்ளையாப் போச்சு. மொதலாளி அடுத்த பிளேட்டு வாங்க வேலூருக்கு ஆள் அனுப்பினாரு.” விடியற்காலையில் எம்.எஸ். பாடிய சுப்ரபாதம், எந்தக் காரியத்துக்கும் முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, ஆடியில் எல்.ஆர். ஈஸ்வரி, ராத்திரி ஜனம் தூங்காமல் இருக்கத் ‘திருவிளையாடல்’ வசன ரெக்கார்டு. இந்த வரிசையை மாற்றினால் பந்தலில் அடி விழும். எல்.பி.யில் கேட்ட பாட்டு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று அரை இருட்டில் கோட்டைப் பார்த்து முள்ளை இறக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் மரத்திலிருந்து இறக்கி ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

‘ப்ரியா’ (1978) பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை ஆயிற்றே, அன்று அதைக் கேட்டு எப்படி இருந்தது என்று நண்பர் ஆவலாகக் கேட்டார். “குழாய்க்கு ஏது சார் ஸ்டீரியோ? வடக்க ஒண்ணு, தெக்க ஒண்ணு கட்டுவோம். ரெண்டுலயும் ஒரே பாட்டுதான்.” ரெக்கார்டு போனதில் அவருக்கு வருத்தம் இருக்கிறதா என்றேன். கேசட் வந்த எண்பதுகளில்தான் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாராம். பக்கம் திருப்ப ஓடிவர வேண்டாமே. இப்போது பென் டிரைவ். அதைவிட நல்லது உலகத்தில் இல்லை என்கிறார்.

கேட்டவர்களுக்குத்தான் ஏக்கம். ஓட்டியவர்களுக்கு இல்லை. இதை நண்பரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு வந்த கோபம் வேறு.

அமெரிக்காவில் 2022இல் சி.டி.யைவிட வினைல் தட்டுகள் அதிகம் விற்றன, ஏறத்தாழ 3.3 கோடிக்கு 4.1 கோடி. 1987க்குப் பிறகு முதல்முறை. அந்தக் காற்று இங்கேயும் அடிக்கிறது. வியாபாரிகள் வேனில் வருகிறார்கள். மைக் செட்டு வீடுகளில் பரணில் கிடக்கும் பெட்டியைப் பெட்டியாகவே, உள்ளே என்ன என்று பார்க்காததுபோலப் பார்த்து, பத்து இருபது என்று விலை பேசி அள்ளிப் போகிறார்கள். அதே இளையராஜா தட்டு சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரங்களுக்குப் போகிறது. விற்றவருக்கு விலை தெரியாதது அவர் குற்றமா? ஒவ்வொரு தட்டின் லேபிளிலும் சவுண்ட் சர்வீஸின் பெயர் ரப்பர் ஸ்டாம்பில் இருக்கும், உறையில் பெயிண்டால் எழுதிய நம்பர் இருக்கும். யார் கை பட்டது என்பதற்கு அந்தத் தட்டில் இருக்கும் ஒரே சாட்சி அது. சந்தையில் அதற்குப் பெயர் ‘கறை’. ஸ்டாம்ப் இருந்தால் விலையைக் குறைக்கிறார்கள். ஓட்டியவன் தடம் இல்லாத தட்டுதான் உசத்தி. பணம் தட்டுக்குப் போகிறது, தட்டை அறிந்த விரலுக்கு ஒரு பைசா வருவதில்லை. இதைச் சொல்லும்போது நண்பர் கையிலிருந்த பையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

இன்னொரு பக்கம் சட்டம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கூம்புக் குழாயைக் கண்டால் போலீஸ் பறிமுதல் செய்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் இதை எதிர்க்க மாட்டார்கள், நானும் எதிர்க்கவில்லை. ஆனால் நெஞ்சை உலுக்கும் டி.ஜே. பெட்டிகள் லாரியில் ஏறி ஊர்வலம் போகும்போது, மரத்தில் கட்டிய தகரம் மட்டும் ஏன் கண்ணில் படுகிறது என்று தெரியவில்லை.

காரார்டு இடிக்காமல் ஓடியது. முந்நூறு ரூபாய் கேட்டார். நண்பர் ஐந்நூறாகக் கொடுத்ததற்கு மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிளம்பும்போது மூலையில் ஒரு குழாயைப் பார்த்தேன். பளபளவென்று தாமிர நிறத்தில் புது பெயிண்ட். செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் ஒரு கஃபேயிலிருந்து வந்ததாம். பழுதா என்று கேட்டேன். பழுதில்லை; யூனிட்டைக் கழற்றிவிட்டு உள்ளே பல்பு ஹோல்டர் மாட்டித் தர வேண்டுமாம், மேசைக்கு மேலே தொங்கவிட. காயில் சுற்றினால் கிடைப்பதைவிட இதற்குக் கூலி அதிகம்.

“யூனிட்டு வேணாம்னுட்டாங்கப்பா. நல்ல யூனிட்டு” என்றபடி மேசைக்கடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். ஆடிக்கு மாரியம்மன் கோயில் செட்டில் மாட்டப்போகிறார்.