பத்துப் பேருக்கான வாயில்

ஐம்பது வயதை நெருங்கும் ஒருவன் கணிப்பொறி விளையாட்டைப் பற்றி எழுத அமர்வது பொருத்தமாகுமா என்று பல நாள் தயங்கினேன். தயக்கத்தைப் போக்கியது ஓர் ஆவணப்படம். நார்வே நாட்டைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞர், தசைகள் படிப்படியாய் வலுவிழக்கும் டூஷேன் என்ற நோயோடு பிறந்தவர். சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014 நவம்பரில், தம் 25-ஆம் வயதில் மறைந்தார். மகன் நண்பர் எவருமின்றித் தன்னந்தனியே கணிப்பொறி முன் வாழ்நாளைக் கழித்துவிட்டானே என்பதே பெற்றோரின் பெருந்துயரமாய் இருந்தது. மகன் இணையத்தில் எழுதிவந்த பக்கத்தில் தந்தை இறப்புச் செய்தியை இட்டார். பல நாடுகளிலிருந்து மடல்கள் வரத் தொடங்கின. 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டில் 'இபலின்' என்ற பெயரோடு நடமாடிய அவரை, 'ஸ்டார்லைட்' என்ற குழுவினர் ஆண்டுக்கணக்காய் உற்ற தோழராகக் கொண்டிருந்தனர். அவர்களுள் சிலர் கடல் கடந்து வந்து நல்லடக்கத்தில் நின்றார்கள். பெஞ்சமின் ரீ இயக்கிய அந்தப் படம் 2024-இல் வெளிவந்தது.

படம் முடிந்ததும் என் மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டாள். நான் அழவில்லை. எனக்கு வேறொருவரின் முகம் நினைவுக்கு வந்திருந்தது. முகம் என்றுகூடச் சொல்ல இயலாது. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு குரல்தான்.

அதே விளையாட்டு ஐரோப்பாவில் தொடங்கிய 2005-ஆம் ஆண்டு, நான் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மணமாகாதவன். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடும். அலுவலகத்தில் எல்லாரும் அன்பாகத்தான் பழகினார்கள், மாலை ஐந்தரை மணி வரை. அதன் பின் அறையும் நானும்தான். அந்த அறையிலிருந்துதான் விளையாட்டுக்குள் நுழைந்தேன்.

விளையாட்டு என்றதும் பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்கும் சிறுவனை வாசகர்கள் எண்ணிக்கொள்ளக் கூடாது. அது ஓர் உலகம். நகரங்களும் காடுகளும் சந்தைகளும் கப்பல்களும் அதில் உண்டு. பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் அதற்குள் உலவுகின்றனர். தனியாய்ச் செய்யக்கூடியவை பல இருந்தாலும், பெரும் பகைவரை வெல்ல அந்நாளில் 40 பேர் ஒன்றுகூட வேண்டும். அதற்காக அமைவதே கில்டு. நான் அதைக் குழாம் என்று எழுதுகிறேன். நம் கல்வெட்டுகளில் வரும் மணிக்கிராமமும் ஐந்நூற்றுவரும் இவ்வாறு ஊர்விட்டு ஊர் சென்றவர்களின் கூட்டமைப்புகள்தாமே!

குழாம் ஒன்றைத் தொடங்க, நகரத்து அலுவலரிடம் 10 வெள்ளிக்காசு கொடுத்துப் பட்டயம் வாங்கி, அதில் வேறு ஒன்பது பேரின் கையொப்பத்தைப் பெற வேண்டியிருந்தது அந்நாளில். எல்லாம் விளையாட்டுக்குள்தான். ஆயினும் அந்த ஒன்பது பேர் உண்மையான மனிதர்கள். நகர வாயிலில் இரண்டு மாலைகள் நின்று, போவோர் வருவோரையெல்லாம் கேட்டேன். எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஒன்பதாமவர் பட்டயத்தைப் பார்த்துவிட்டு, "கையொப்பமிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். "ஒன்றும் வேண்டாம், வந்தால் போதும்" என்றேன். "அது என்னால் முடியும்" என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.

அவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் வசித்தவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். காதில் பொருத்திய ஒலிக்கருவி வழியாக நாங்கள் பேசிக்கொள்வோம். அவருடைய ஆங்கிலம் எனக்கு விளங்க ஒரு மாதம் ஆயிற்று. என்னுடையது அவருக்கு விளங்க அதைவிடச் சற்று அதிகம் ஆயிற்று.

ஒரே ஆண்டில் குழாம் அறுபது பேராய் வளர்ந்தது. ஹாலந்து நாட்டு லாரி ஓட்டுநர், டென்மார்க்கைச் சேர்ந்த கணவன் மனைவி, பின்லாந்து மாணவர்கள், போர்ச்சுகல் நாட்டு ஆசிரியை ஒருவர். போருக்கு எட்டு மணி என்று குறித்தால், அது இங்கிலாந்தில் ஏழு, பின்லாந்தில் ஒன்பது. ஆசிரியை பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டு வர வேண்டும். ஓட்டுநர் அதிகாலையில் எழ வேண்டும். இத்தனை பேரையும் வாரத்தில் மூன்று இரவுகள் ஒரே வாசலில் கூட்டுவது எத்தகைய வேலை என்பதை, திருவிழாக் குழுவிலோ பாடகர் குழுவிலோ பொறுப்பு வகித்தவர்கள் உடனே உணர்வார்கள்.

போரில் சிலர் பகைவனின் அடியைத் தாங்குவர், சிலர் தாக்குவர், சிலர் காயமுற்றோரை அவ்வப்போதே ஆற்றுவர். ஆற்றுவோருள் ஒரு வகையினருக்கு விளையாட்டு இட்டிருக்கும் பெயர் 'பிரீஸ்ட்'. அபர்டீன் பெரியவர் அந்த வகை. "எங்கள் குழாமில் குருவானவர்கள் ஆறு பேர். அவர்களுள் ஒருவர் மூன்று பிள்ளைகளுக்குத் தாய்" என்று தொலைபேசியில் அம்மாவிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, அதை விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

எரிமலையின் அடியில் 'மோல்ட்டன் கோர்' என்றொரு குகை. அதன் முடிவில் ராக்னரோஸ் என்னும் நெருப்பு அரசன் இருப்பான். ஒன்பது வாரங்கள் அவனிடம் தோற்றோம். 40 பேரில் ஒருவர் தவறான இடத்தில் நின்றாலும் பக்கத்தில் உள்ளவர்களும் சேர்ந்து வீழ்வார்கள். பத்தாம் வாரம் அவன் வீழ்ந்தபோது, ஐந்தாறு மொழிகளில் எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கூச்சல் அடங்கியதும் சச்சரவு. ஒரு பகைவன் விட்டுச்செல்லும் பொருள்கள் சிலவே. கேட்போர் 40 பேர். இதற்கு 1999-இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' என்ற விளையாட்டின் காலத்திலேயே ஒரு வழி கண்டிருந்தார்கள். வந்த நாளுக்கும் வென்ற போருக்கும் புள்ளிகள் வழங்கி, அப்புள்ளிகளைக் கொடுத்துப் பொருளைப் பெறும் முறை அது. அந்தக் கணக்கேட்டை எழுதியவன் நான். கணக்கெழுதுவோருக்கு நாளடைவில் ஒரு நோய் வரும். எழுதக்கூடியது மட்டுமே கண்ணில் படும்.

பெரியவர் செய்தவற்றுள் பல என் ஏட்டில் ஏறவில்லை. பகலில் எவரும் இல்லாத நேரத்தில் அவர் காடுகளில் மூலிகை பறித்து, இரவுப் போருக்கு வேண்டிய மருந்துகளைக் காய்ச்சிவைப்பார். யார் உள்ளே நுழைந்தாலும் பெயர் சொல்லி வரவேற்பார். மாணவனிடம் தேர்வைப் பற்றியும், ஓட்டுநரிடம் பனியில் சாலை எப்படி இருந்தது என்றும் கேட்பார். குழாமுக்கெனப் பொதுக் கருவூலம் என்ற வசதி விளையாட்டில் 2007 நவம்பரில்தான் வந்தது. அதுவரை ஒருவரை நம்பி அவர் பெயரில்தான் எல்லாவற்றையும் வைக்க வேண்டும். நாங்கள் அவரை நம்பி வைத்திருந்தோம்.

2007 ஜனவரியில் விளையாட்டின் புதிய பகுதி வெளியாயிற்று. 40 பேர் கூடும் போர்கள் பழங்கதையாயின. புதிய பெரும் போர்களுக்கு 25 பேர்தான். அவற்றுக்கு முன்னால் 'கரஸான்' என்ற பாழடைந்த கோபுரத்தைக் கடக்க வேண்டும். அதன் வாயிலில் ஒரு நேரத்தில் 10 பேர்தான் நுழையலாம். 40 பேரை நான்கு பத்தாகப் பிரித்தால் தீர்ந்தது என்று எவருக்கும் தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 40 பேர் சேர்ந்து சென்றபோது அடி தாங்குவோர் மூவரோ நால்வரோ போதும். நான்கு குழுக்கள் என்றால் குழுவுக்கு இருவராக எட்டுப் பேர் வேண்டும். நான்கு தலைவர்களும் வேண்டும். எங்களிடம் இல்லை. இரண்டு குழுக்களை மட்டும் அமைத்தோம். மற்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருப்போர் என்று நான் எழுதிவைத்த பட்டியல் நாள்தோறும் நீண்டது. அவ்வாண்டில் எத்தனையோ குழாம்கள் இந்த வாயிலில்தான் உடைந்தன.

யார் எவ்வளவு தாக்கினார், எவ்வளவு ஆற்றினார் என்று எண்ணிக்காட்டும் ஒரு துணைநிரல் என்னிடம் இருந்தது. ஆற்றுவோர் வரிசையில் பெரியவரின் பெயர் எப்போதும் கடைசியில் இருக்கும். விரல்கள் அவருக்கு முன்போல் விரைந்து இயங்கவில்லை. ஆறு வாரம் அவரைச் சேர்த்துக்கொண்டேன். ஏழாம் வாரம், போருக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, "இந்த வாரம் நீங்கள் வர வேண்டாம்" என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். வாயால் சொல்லியிருக்கலாம், எனக்குத் துணிவில்லை. "சரி தம்பி" என்ற பொருளில் அவர்கள் பக்கத்துச் சொல் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். அடுத்த வாரமும் அதே செய்தியை அனுப்பினேன். அதற்கடுத்த வாரம் நான் எழுதத் தேவை ஏற்படவில்லை.

குழாமை விட்டு அவர் விலகிய அன்று என் அஞ்சல்பெட்டி நிறைந்திருந்தது. பொதுப் பொருள்கள் அனைத்தும், கடைசிச் செப்புக்காசு வரை, பட்டியலோடு வந்திருந்தன. பட்டியலின் அடியில் மருந்து காய்ச்சும் அளவுகளும் எழுதப்பட்டிருந்தன. சினமாய் ஒரு சொல் இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

அந்த மாதம் நாங்கள் கோபுரத்தை முழுவதும் வென்றோம். வென்ற இரவில் வாழ்த்துகள் எல்லாம் முறையாய் நடந்தன. பின்னர் ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது பதினான்கு பேர் இருந்தார்கள். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டென்மார்க் தம்பதியர் விலகும்போது காரணம் கேட்டேன். "பெரிதாய் ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் இங்கே யாரும் இருப்பதுபோலத் தெரியவில்லை" என்றார் அந்த அம்மையார். போர்ச்சுகல் ஆசிரியை சொல்லாமலே போய்விட்டார். இந்த விளையாட்டின் குழாம்கள் எவ்வளவு எளிதில் குலைகின்றன என்பதை ஆராய்ந்து, அமெரிக்க ஆய்வாளர் சிலர் அதே 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தனர். பின்னாளில் அதைத் தேடிப் படித்தேன். அதன் எண்களுக்குள்ளும் நான் தேடியது அவரைத்தான்.

செப்டம்பரில் குழாமின் பெயர்ப்பட்டியலில் எஞ்சியவர்கள் ஐவர். அப்போதுதான் அவருக்கு ஒரு மடல் எழுதினேன். நான்கு முறை எழுதி அழித்து, முடிவில் இரண்டே வரிகள். வெறும் மடலாய் அனுப்பக் கூசிற்று. அவர் வழக்கமாய்ப் பறிக்கும் காட்டுக்கே சென்று, அதே மூலிகையில் இருபது கொத்துகள் பறித்து அதனோடு இணைத்தேன். எங்கெங்கே முளைக்கும் என்று தெரியாததால் முழு ஞாயிற்றுக்கிழமையும் ஆயிற்று. அவர் இதை ஒவ்வொரு நாளும் செய்திருக்கிறார்.

அந்த விளையாட்டில் அஞ்சல் 30 நாள் காத்திருக்கும். எடுக்கப்படாவிட்டால், இணைத்த பொருள் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

அது திரும்பி வந்தது. அவர் விளையாட்டையே விட்டிருக்கலாம். வேறு ஏதேனும் நேர்ந்திருக்கலாம். அவருடைய உண்மைப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. 2009-இல் ஊர் திரும்பினேன்; திருமணமாயிற்று. அந்த ஆவணப்படம் பார்த்த இரவு, மனைவி உறங்கிய பின், பழைய கடவுச்சொல்லை மீட்டு உள்ளே சென்று பார்த்தேன். குழாமின் பட்டியலில் என் பெயர் மட்டும் ஒளிர்ந்தது; மற்ற நான்கும் மங்கியிருந்தன. பையைத் திறந்தேன். இருபது கொத்துகளும் அப்படியே இருந்தன.