படம் எப்படி இருந்தது, பாட்டி?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் ஏதாவது பழைய படத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கதைக்கு முன்னால் தியேட்டர் பெயர் வந்து விழும். ‘அதுவா, காமதேனுல பார்த்தது’, ‘இது நாகேஷ்ல மேட்னி’, ‘அது கபாலில. பெரியவன் அப்போ கைக்குழந்தை.’

மதியச் சமையலை முடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு நடந்தே போய்விடுவார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். ‘என்னைக் கூட்டிக்கிட்டுப் போறியா?’ என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கையில் டிக்கெட் காசு இருந்தால் போதும்.

மயிலாப்பூரில் கபாலி, லஸ் பக்கம் காமதேனு. தி.நகரில் ராஜகுமாரி, நடிகர் நாகேஷ் தன் பெயரிலேயே நடத்திய நாகேஷ் தியேட்டர். அடையாறில் ஈராஸ். இன்று இவை எதிலும் படம் ஓடவில்லை. காமதேனுவும் நாகேஷும் கல்யாண மண்டபங்களாகிவிட்டன. மவுன்ட் ரோட்டில் சிவாஜி ரசிகர்களுக்குக் கோயில் மாதிரி இருந்த சாந்தி 2016-ல் மூடப்பட்டது. அசோக் நகர் உதயம் 2024-ல். அதே மவுன்ட் ரோட்டில் 1964-ல் வந்த சஃபையர் வளாகத்தில் ப்ளூ டைமண்ட் என்று ஒரு அரங்கு இருந்தது. காலையிலிருந்து இரவு வரை படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எழுந்து வரலாம். இதை இன்றைய கல்லூரிப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுப்பார்கள்.

இப்போது மயிலாப்பூர்க்காரர்களுக்கு ராயப்பேட்டை சத்யம் அல்லது சிட்டி சென்டர் மால். தி.நகர்க்காரர்களுக்கு வடபழனி. அடையாறுக்காரர்களுக்குத் திருவான்மியூர் தியாகராஜா. தூரம் என்று பார்த்தால் நாலைந்து கிலோமீட்டர்தான். ஆனால், மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிடப்பட்ட சாலைகள், ஆட்டோ, மால் வாசலில் பை சோதனை, எஸ்கலேட்டர், இருட்டில் படிகள் என்று வரிசையாகக் கடந்துதான் சீட்டில் உட்கார முடியும். அதற்கும் முன்னால் போனில் புக்கிங், ஓடிபி. நாலு பேருக்கு 190 ரூபாய் டிக்கெட் என்றால் 760. புக்கிங் கட்டணமும் சேர்ந்தால் 900-ஐத் தொடும். பாப்கார்ன் கணக்கு தனி. ஆக, பாட்டி படம் பார்ப்பது மகனின் ஞாயிற்றுக்கிழமையையும், பேரனின் பரீட்சையையும், மருமகளின் ஆபீஸ் வேலையையும் பொறுத்த விஷயமாகிவிட்டது.

அப்படியும் அழைத்துப் போனால் என்ன ஆகும்? 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’வும் சசிகுமார், சிம்ரன் நடித்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் ஒரே நாளில் வந்தன. பெரிய கட்-அவுட் எல்லாம் சூர்யாவுக்குத்தான். ஆனால், வீட்டுக்கு வீடு பேசிப் பேசியே கூட்டம் சேர்ந்தது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கு. இலங்கையிலிருந்து படகில் வந்து, சென்னையில் ஒரு காலனியில் பேச்சு வழக்கை மறைத்துக்கொண்டு வாழும் குடும்பத்தின் கதை. புது இயக்குநர் அபிஷன் ஜீவிந்த். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத அடுக்குமாடிவாசிகளுக்கு அந்தக் காலனி எங்கேயோ தைத்தது. ‘கொஞ்சம் ஓவரா நல்லவங்களா இருக்காங்க’ என்பது இளசுகளின் விமர்சனம். ‘முன்னாடி நம்ம தெருவும் இப்படித்தான்டா இருந்தது’ என்பது பெரியவர்களின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

சித்தார்த், சரத்குமார், தேவயானி நடித்த ‘3 பிஹெச்கே’வும் அப்படித்தான். சொந்த வீடு வாங்கப் பணம் சேர்க்கும்போதெல்லாம் ஒரு செலவு வந்து அதை விழுங்கும். ‘சோகத்தை இழுத்துட்டாங்க’ என்று பேரன் சொல்வான். ஹோம் லோன் கட்டிக்கொண்டிருக்கும் அப்பா ஒன்றும் பேசமாட்டார்.

2024 செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ வேறு மாதிரி. கார்த்தியும் அரவிந்த்சாமியும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள். நீளம் என்று புகார் எழ, வெளியான பிறகு சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. நாலு வாரத்தில் ஓடிடி-க்கு வந்ததும், ‘இதை ஏன் தியேட்டர்ல விட்டோம்’ என்று வருத்தப்பட்டவர்கள் ஏராளம். பொறுமையான படத்துக்குத் தியேட்டரின் இருட்டுதான் சரி. வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், கூரியர் வரும், ஒருவர் ‘பாஸ்’ போட்டுவிட்டுப் போனில் மூழ்குவார். அரவிந்த்சாமி அழும்போது பால் பொங்கியிருக்கும்.

எல்லாப் படத்துக்கும் எல்லோரும் போகவும் முடியாது. ரஜினியின் ‘கூலி’க்கு ‘ஏ’ சான்றிதழ். ரஜினி படம் என்றால் பேரனோடுதான் என்று காத்திருந்த தாத்தா, பாட்டிகளுக்கு அது ஏமாற்றம்.

‘இன்னும் நாலு வாரம் பொறும்மா, வீட்லயே வந்துடும்’ என்று பிள்ளைகள் சொல்வது அன்பில்தான். படிகளில் தடுமாறிவிடக் கூடாதே என்ற கவலையும் அதில் இருக்கிறது. பெரியவர்களும் ‘எனக்கு எதுக்குடா, நீங்க போய்ட்டு வாங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். அலைச்சலுக்குப் பயந்து சிலர் நிஜமாகவே சொல்வார்கள். பலர், பிள்ளைகளுக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் யாரையும் கேட்காமல் மேட்னிக்குக் கிளம்பியவர்கள் இன்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்பதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. முந்நூறு பேர் ஒன்றாகச் சிரிக்கும்போது நடுவில் உட்கார்ந்து சிரிப்பதும், மதியத் தூக்கத்துக்குப் பிறகு டி.வி. முன்னால் தனியாகச் சிரிப்பதும் ஒன்றல்ல.

கொஞ்சம் திட்டமிட்டால் இது பெரிய காரியமும் இல்லை. ஞாயிறு மாலைக்குப் பதில் வார நாள் மதியக் காட்சி பார்க்கலாம். கூட்டமும் குறைவு, ஆட்டோவும் கிடைக்கும். புக் செய்யும்போது நடைபாதையை ஒட்டிய ஓர சீட். படிகள் குறைவாக இருக்கும் வரிசை எது என்று தியேட்டர் ஊழியரிடம் கேட்டால் சொல்வார்கள். விளக்கு அணையும் முன்பே உள்ளே போய்விட வேண்டும். ஏ.சி. குளிருக்கு ஒரு சால்வை. இடைவேளையில் பாப்கார்ன் வாங்கும் வரிசைக்கு ஒருவர் போனால், பாத்ரூம் வரை பாட்டியோடு போக இன்னொருவர். அவ்வளவுதான்.

திரும்பும்போது ஆட்டோவில் ஆளுக்கொரு போனை எடுத்து விமர்சனம் தேடாமல், ‘படம் எப்படி இருந்தது, பாட்டி?’ என்று கேளுங்கள். சிம்ரனின் நடிப்பில் ஆரம்பித்து, இடையில் காமதேனுவுக்குப் போய், மாமியாருக்குத் தெரியாமல் பார்த்த ஒரு மேட்னியும் அதில் வெளியே வரக்கூடும்.