பெட்டி ஒன்று போதும்

ஊர் விட்டு ஊர் வந்து குடித்தனம் நடத்துவோருக்குச் சிக்கனம் என்பது வெறும் கொள்கையன்று. பிழைப்பே அதில் அடங்கியிருக்கிறது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஊரிலுள்ள பெரியோர்க்கு அனுப்பும் பணம், திருவிழாவுக்குப் போய்வரும் செலவு ஆகியவை போக மாதச் சம்பளத்தில் எஞ்சுவது சொற்பமே. இந்நிலையில் பிள்ளைகளுக்குக் கணிப்பொறி வேண்டுமென்னும் பேச்சு எழுந்தால், சிலர் செலவுக்கு அஞ்சி வாளாவிருந்து விடுகின்றனர். வேறு சிலர் கடைக்காரர் சொல்லும் தவணைக்கு உடனே தலையசைத்து விடுகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. தோப்பும்படியில் வாழும் நாங்கள் அவ்வழியே சென்று கண்ட பயனைச் சங்கத்து அன்பர்கள் அறிதல் நலமென்று கருதி இதனை எழுதுகிறோம்.

எங்கள் இல்லத்தில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் ஆகிய நான்கும் பழுதின்றி இருந்தன. கெட்டுப்போனது சி.பி.யூ. பெட்டி ஒன்றுதான். பல ஆண்டு உழைத்த அப்பெட்டியின் மதர்போர்டு சென்ற மழைக்காலத்தில் அடங்கிவிட்டது. மகளோ பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். கேரளத்துப் பள்ளிகளில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிப்பொறிச் செய்முறைக்கும் இடமுண்டு. அதற்கான பயிற்சியைக் கைப்பேசியில் செய்துவிட இயலாது.

இதனினும் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. பள்ளியில் மகள் கற்பது மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும். தமிழ் அவள் நாவில் இருக்கிறது, கையில் இல்லை. ஊரில் இருக்கும் ஆச்சிக்கோ காது மந்தமாகிவிட்டமையால் தொலைபேசிப் பேச்சு விளங்குவதில்லை. கண்ணும் மங்கிவிட்டது, ஆயினும் பெரிய எழுத்தில் அச்சிட்ட கடிதமெனில் தாமே படித்துவிடுவார். பேத்தி தமிழில் எழுதினாலன்றி இருவருக்கும் இடையே பேச்சு இல்லை. ஆதலின் கணிப்பொறியை ஆடம்பரமென்று ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முதலில் சென்ற கடையில், எல்லாம் சேர்ந்த புதுத் தொகுதி ஒன்றுக்கு 38,000 ரூபாய் சொன்னார்கள். பன்னிரண்டு மாதத் தவணையும் உண்டென்றார்கள். வீடு திரும்பியதும் இல்லத்தரசியார் கேட்ட கேள்வி இது: "இருக்கிற மானிட்டருக்கும் பிரிண்டருக்கும் என்ன குறை? அடுப்புக் கெட்டுப்போனால் பானை சட்டியையுமா தூக்கி எறிகிறோம்?" அக்கேள்விக்கு மறுமொழி இல்லை. தவணைப் பேச்சு அத்துடன் நின்றது.

இந்த எண்ணம் எங்களுக்கு மட்டும் தோன்றியதன்று. 2005 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 'மேக் மினி' என்னும் சிறு பெட்டியை வெளியிட்டார். தொடக்க விலை 499 டாலர். மானிட்டரும் கீபோர்டும் மவுஸும் அதனுடன் வரவில்லை. வாங்குவோர் தம்மிடம் உள்ளவற்றையே இணைத்துக்கொள்ள வேண்டும். 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து 'ராஸ்பெர்ரி பை' வந்தது. பிள்ளைகள் கணிப்பொறியின் நுட்பம் பயிலவேண்டும் என்னும் நோக்குடன் செய்யப்பட்ட அச்சிறு தகட்டின் விலை 35 டாலர். அதற்கும் வீட்டிலுள்ள திரையும் கீபோர்டுமே துணை. ஆகவே, பெட்டியை மட்டும் வாங்குதல் ஏழ்மையின் அடையாளமன்று; உலகம் ஒப்பிய முறையே.

இனி, எந்தப் பெட்டி என்னும் கேள்வி. மூன்று வகை எங்கள் கவனத்துக்கு வந்தன. முதலாவது, அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்து, துடைத்துச் செப்பனிட்டு மறுவிற்பனைக்கு வரும் பெட்டி. இரண்டாவது, உள்ளங்கை அகலமே உள்ள புதிய மினி கணிப்பொறி. மின்சாரம் மிகக் குறைவாக உண்பது இதன் சிறப்பு. மூன்றாவது, மேற்சொன்ன ராஸ்பெர்ரி பை. மலிவானதே, ஆனால் மின்னடாப்டர், மெமரி கார்டு, உறை என்று தனித்தனியே வாங்கும்போது செலவு ஏறும். நமக்குப் பழகிய விண்டோஸ் மென்பொருள்கள் யாவும் அதில் இயங்கா. பழுது பார்ப்பதற்கும் உதிரிபாகம் கிடைப்பதற்கும் எளிதென்பதால் முதல் வகையையே தேர்ந்தோம்.

எர்ணாகுளத்தில் பழுது பார்க்கும் பணி செய்யும் திருநெல்வேலித் தம்பி ஒருவர் அப்போது சொன்ன சொல் பொன்போன்றது. "அண்ணாச்சி, விலையை அப்புறம் பேசலாம். உங்கள் மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் ஒவ்வொன்றின் ஒயர் முனையையும் முதலில் படம் பிடித்து வாருங்கள். முனை பொருந்தாவிட்டால் மலிவான பெட்டியும் வீண்தான்" என்றார்.

அவ்வாறே பார்த்தோம். மானிட்டரின் ஒயர் முனையில் மூன்று வரிசையாகப் பதினைந்து ஊசிகள் இருந்தன, அது வி.ஜி.ஏ. எனப்படும். கீபோர்டின் முனை வட்டமானது, பி.எஸ். 2 என்பது அதன் பெயர். இவ்விரண்டையும் 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.எஸ். 2 கணிப்பொறிகளுடன் புகுத்தியது. மவுஸும் பிரிண்டரும் 1996இல் வந்த யு.எஸ்.பி. முறையைச் சேர்ந்தவை. நாங்கள் பார்த்துவைத்த பெட்டியிலோ திரைக்கென எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் ஆகிய புதிய வாய்கள் மட்டுமே இருந்தன, வட்டத்துளை இல்லை.

இதற்கு மாற்றி உண்டு. ஆனால் மாற்றி வாங்குவதிலும் கவனம் தேவை. எச்.டி.எம்.ஐ. முனையிலிருந்து வருவது எண்வடிவச் செய்தி; பழைய மானிட்டர் ஏற்பதோ அலைவடிவச் செய்தி. ஆகையால் வெறும் ஒயர் போதாது; உள்ளே மின்சுற்றுடைய மாற்றி வேண்டும். பெட்டியின் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து மானிட்டரின் வி.ஜி.ஏ.வுக்குச் செல்வது ஒன்று. எதிர்த்திசையில் செல்வது வேறொன்று. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள்போல் இருப்பினும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. கீபோர்டுக்கும் அவ்வாறே மின்சுற்றுடைய யு.எஸ்.பி. மாற்றியைக் கேட்டு வாங்கினோம். சுற்றில்லாத சிறு முனைமாற்றி சில கீபோர்டுகளுக்கு மட்டுமே பயன்படும்.

மென்பொருளையும் மறத்தலாகாது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு வேண்டும். இன்டெல் பிராசசராயின் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆகவேண்டும். இதைக் கேட்காமல் மிகப் பழைய பெட்டியை வாங்குவது மலிவன்று. விண்டோஸ் வேண்டாதோர்க்குக் குனு லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. நம் பிள்ளைகள் கேரளப் பள்ளிகளில் பழகுவதும் அதுவே. எங்கள் பெட்டியில் இரண்டையும் நிறுவிக்கொண்டோம்.

பிரிண்டரின் பொருட்டு மட்டும் ஐயம் இருந்தது. பழைய பிரிண்டர் சிலவற்றுக்குப் புதிய விண்டோஸில் இயக்கு மென்பொருள் கிடைப்பதில்லை. எனவே அதனை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்கே கொண்டுசென்று, ஒரு தாள் அச்சாகி வெளிவந்த பின்னரே பணத்தை எண்ணிக்கொடுத்தோம்.

கணக்கு இது: பெட்டி 11,500 ரூபாய், மானிட்டர் மாற்றி 450, கீபோர்டு மாற்றி 300, ஆக 12,250. புதுத் தொகுதிக்குச் சொன்ன விலையினின்று 25,750 ரூபாய் மிச்சம். கடனில்லை. ஊருக்குப் போகச் சேர்த்த பணத்தையும் தொடவில்லை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பெட்டிக்கு உத்தரவாதம் ஆறு மாதமே. புதுப்பொருளின் ஆயுளை அதனிடம் எதிர்பார்த்தல் கூடாது. மானிட்டர் மங்கியோ நடுங்கியோ இருந்தால், அதைக் காப்பாற்றுவதற்காக மாற்றிகளில் பணத்தை இறைப்பதும் சிக்கனமாகாது. பிள்ளைகளின் கண் அதனினும் விலை உயர்ந்தது.

தமிழுக்கெனத் தனிக் கீபோர்டு வேண்டுமோ என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். வேண்டியதில்லை. 1999இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' முறையில், சாதாரண ஆங்கிலக் கீபோர்டிலேயே தமிழ் எழுதலாம். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் அமைந்திருப்பதால், எழுத்தறிந்தவர்க்குச் சில நாளில் கைவந்துவிடும். எழுத்தறியாத பிள்ளைகளுக்கு, 2001இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் நிறுவனத்தின் மழலைக்கல்விப் பாடங்கள் இணையத்தில் உள்ளன. படிக்கத் தெரிந்த பெரியோர்க்கு, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தொண்டர்கள் ஏற்றிவைத்த பழந்தமிழ் நூல்கள் உள்ளன. மூன்றுக்கும் கட்டணமில்லை.

எங்கள் மகள் இப்போது வாரத்துக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்கிறாள். றகர ரகரக் குழப்பம் இன்னும் தீரவில்லை. ஆச்சி அப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மறுமொழியுடன் தபாலில் திருப்பி அனுப்புகிறார். பள்ளியில் கிட்டாத தமிழ் வகுப்பு இவ்வாறு தபால்வழி நடந்துவருகிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மவர் இல்லங்கள் பலவற்றில் நல்ல நிலையிலுள்ள மானிட்டரும் கீபோர்டும் பரண்மேல் தூசு படிந்து கிடக்கின்றன. மீன்பிடித் துறைமுகத்திலும் சலவைத் துறையிலும் உழைக்கும் நம் குடும்பங்களில், அவை இல்லாமையாலேயே கணிப்பொறியை எண்ணிப்பாராத பிள்ளைகள் இருக்கின்றனர். கொடுக்க விரும்புவோர், தேவைப்படுவோர் ஆகிய இருசாராரின் பெயரையும், பொருளின் ஒயர் முனை இன்னதென்னும் குறிப்பையும் எழுதிவைக்கச் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு இருந்தால் போதும். முதற்பக்கத்தில் எங்கள் பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடியைப் பதிவு செய்துகொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.