கடன் கொப்பி

எனது தந்தையார் காலமானபோது குடும்பத்திற்கு விட்டுச் சென்றவற்றுள் ஊர்க் கடையின் கடன் கொப்பியும் ஒன்று. அதில் எழுதப்பட்டிருந்த அரிசியையும் சீனியையும் நாம் எல்லோருமே அனுபவித்திருந்தோம். எனினும் தீர்க்கும் பொறுப்பு அண்ணருடையதாயிற்று. அவர் செலவைக் குறைக்கத் தொடங்கினார். முதலில் நின்றது தங்கையின் தனியார் வகுப்பு. அடுத்து, கூரைக்கு ஓடு மாற்றும் வேலை ஒத்திவைக்கப்பட்டது. திருவிழாவிற்கு வரும் உறவினருக்கான விருந்து மட்டும் இறுதிவரை குறையவேயில்லை. அண்ணர் கொடியவரல்லர். குரலெழுப்பக்கூடியோரை விட்டு, குரலெழுப்பாதோரிடமிருந்து குறைத்தார், அவ்வளவே.

2024 செப்டெம்பர் 23ஆந் திகதி அநுர குமார திசாநாயக்க சனாதிபதியாகப் பதவியேற்றபோது அக்கொப்பியே என் நினைவில் வந்தது. அவர் பொறுப்பேற்ற கணக்கும் பிறர் எழுதிவைத்ததே. 2019 இறுதியிலே பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெருந்தொற்றினால் சுற்றுலா வருமானம் வீழ்ந்தது. அந்நியச் செலாவணி கரைந்தது. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2023 மார்ச் மாதத்திலே சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவிக்கு இணங்கியது. பிணைமுறி உரிமையாளருடனான கொள்கையளவிலான உடன்பாடோ தேர்தலுக்கு இரண்டு நாள்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டுவிட்டது. வட்டி நீங்கலான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தை மீறலாகாதென 2024ஆம் ஆண்டின் அரச நிதி முகாமைத்துவச் சட்டமும் வரம்பிட்டிருந்தது.

கொப்பியைக் கிழித்தெறிந்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் என்னுடன் வாதிட்டார். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் 2022இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவிற்கும் வரிசையில் நின்றவர்கள், கடன் கொடுப்பார் அற்ற நாடு எத்தகையதென்பதை அறிவார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. எந்தப் பாராளுமன்றமும் வாக்களித்து நிறைவேற்றாத செலவுக் குறைப்பு அது; ஏழையின் சோற்றுப் பானையிலே நிகழ்ந்தது. ஆகவே, செலவைக் குறைப்பதா, இல்லையா என்பதன்று இன்றுள்ள வினா. யாருடைய பங்கிலிருந்து குறைப்பது என்பதே வினா. மொத்தத் தொகையைத் தீர்மானிப்பதிற் கட்டுண்டுள்ள சனாதிபதிக்கு, எஞ்சியிருக்கும் சுதந்திரம் பெரும்பாலும் இங்கேதான்.

முன்னைய அனுபவம் நம்பிக்கையூட்டுவதாக இல்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, வங்கிகளின் கைவசமிருந்த திறைசேரி முறிகள் விலக்களிக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதியம் முதலியவையோ, நீண்ட காலத்திற்குரிய முறிகளை ஏற்க வேண்டும், அன்றேல் கூடிய வரி செலுத்த வேண்டும் என்ற நிலைக்குட்பட்டன. வங்கிகள் தளர்ந்தால் வைப்பாளர் யாவரும் பாதிக்கப்படுவர் என்ற விளக்கம் பொய்யன்று. எனினும் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைப்போரின் முதுமைக்கால வருவாயே அதன் விலையாயிற்று என்பதும் பொய்யன்று. 2024 சனவரியில் 18 சதவீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியும், வாங்குபவரின் வருமானத்தைக் கேட்டறிந்து அறவிடப்படுவதில்லை.

புதிய சனாதிபதி, நிதியமைச்சர் என்ற வகையில், 2025 பெப்ரவரி 17ஆந் திகதி முதலாவது வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்தும் யோசனை அதில் இடம்பெற்றது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அரச ஊழியருக்குச் சங்கமுண்டு, குரலுண்டு. நாட்கூலிக்கு உழைப்பவருக்கு அது இல்லை. இன்னும் கட்டப்படாத பாலத்திற்கும் பாடசாலைக்கும் அறவே இல்லை. இதனாலேயே வருமானம் குறையும்போதெல்லாம் மூலதனச் செலவு முதலில் வெட்டப்படுகின்றது. ஒத்திவைத்த கூரையின் விலை மழைநாளிலேயே தெரியவரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தின் பாதைகளையும் குடியிருப்புகளையும் சிதைத்தபோது, செலவு வரம்புக்கும் மனிதத் தேவைக்கும் இடையிலான இழுபறி அனைவர் கண்ணுக்கும் புலனாயிற்று.

இலவசக் கல்வியால் இங்கு வந்து சேர்ந்த நாம் யாருடைய பங்கை உண்கிறோம் என்பதையும் எண்ணுதல் வேண்டும். எமது உதவிப்பணம் குறைந்தால் நாம் வீதிக்கு இறங்குவோம், இறங்கவும் வேண்டும். ஆனால், குறைக்கப்பட்டதை அறியாமலே குறைந்துபோனோர் சார்பிலும் கணக்குக் கேட்பது கற்றவர் கடனாகும்.

எங்கள் கொப்பி ஆறு ஆண்டுகளில் தீர்ந்தது. அண்ணரை ஊரே மெச்சியது. தங்கை கணிதத்தில் சித்தியடையவில்லை. அதுபற்றி அவள் இன்றுவரை எவரிடமும் முறையிட்டதில்லை. அவளிடம் எவரும் கேட்டதுமில்லை.